மந்தமான இயர்போனே போதும்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. நீங்கள் அனுப்பும் குரல் பதிவுகளைக் கேட்கத்தான் விலை குறைந்த, பிளானர் என்ற ரக இயர்போன் இரண்டு வாங்கினேன். கறுப்பில் பேஸ், அதாவது அடிக்குரல் அதிர்வு, அதிகம். உங்கள் குரல் தேனாக வழிந்தது. வெள்ளி நிறத்தில் பேஸ் குறைவு, ஆனால் எறும்பு ஊர்ந்தாலும் கேட்கும். கொடுத்த காசுக்கு வெள்ளிதான் ஒரு படி மேல்.

அந்த வெள்ளியில்தான் உங்கள் குரலுக்குப் பின்னால் அண்ணன் குரலும் கேட்டது. "இளைச்சிட்டியான்னு கேளும்மா" என்று அவன் கிசுகிசுத்த பிறகே நீங்கள் "இளைச்சிட்டியா கண்ணு" என்றீர்கள். "எப்ப வருவேன்னு கேளு. கொஞ்சம் அழுதுக்கிட்டே கேளு" என்றான். அழுகையும் அருமையாக வந்தது. அவன் சொல்லித்தராமல் நீங்களாகக் கேட்டது ஒன்றுதான், அதுவும் அவனிடம்: "போதுமாடா?"

வெள்ளியை அறைத்தோழனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு அம்மா இல்லை, பயமில்லாமல் கேட்கலாம். கறுப்பை நான் வைத்துக்கொண்டேன்.

ஷிப்டுக்கு வண்டி வந்துவிட்டது. அடுத்த பதிவைக் கொஞ்சம் நீளமாக அனுப்புங்கள். அண்ணன் பக்கத்திலேயே இருக்கட்டும். அவன் இல்லாவிட்டால் என்னிடம் கேட்க உங்களுக்கு என்ன இருக்கிறது?

உங்கள் இளையவன்