எங்கேஜ்டாகவே இருந்த லைன்

12-11-1996, செவ்வாய். முகப்பேர்.

காலையில் கம்ப்யூட்டர் மோடத்தை வீட்டு போன் லைனில் ஓடவிட்டு ஆபீஸ் போனேன். இன்டர்நெட் லைன் கிடைக்கும்வரை அதுவே டயல் செய்யும். கிடைத்ததும் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து மெயிலை இறக்கும். நானே எழுதிய ஸ்கிரிப்ட். கிடைக்காவிட்டால் எப்போது நிறுத்தணும் என்று மட்டும் எழுதவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் இன்னும் டயல் செய்துகொண்டிருக்கிறது, சனியன். அணைத்த உடனே போன் அடித்தது. கீழ்வீட்டு மேரியக்காவுக்கு. அவர் வீட்டில் போன் இல்லை; ஊரில் அவர் கொடுத்திருக்கும் பி.பி. நம்பர் என் வீட்டு நம்பர்தான். ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

பேசிவிட்டு ரிசீவரை வைக்காமலே நின்றார்.

"அப்பா போயிட்டாரு தம்பி. என் குரலைக் கேக்கணும்னு காலைலேர்ந்து சொல்லிக்கிட்டே இருந்தாராம். அண்ணன் எப்பப் போட்டாலும் எங்கேஜ்டாம். யாருப்பா நாள் பூரா பேசிக்கிட்டிருந்தது?"

தலையைக் குனிந்துகொண்டேன். பகல் முழுக்க அந்த லைனில் யாருமே பேசவில்லை.