கட்டிப்போட்ட நாய்

தம்பிக்கு,

நீ ஆசையாய் வளர்த்த ஆட்டைச் சிறுத்தை அடித்ததில் எனக்கும் வயிற்றெரிச்சல்தான். மிச்ச இறைச்சிக்குத் திரும்பி வந்த சிறுத்தை அங்கேயே செத்துக் கிடந்தது. கால்நடை டாக்டர் என்று என்னைத்தான் அறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். விஷம். சிறுத்தையின் மடியில் பால் இருந்தது. குட்டிகள் எங்கேயோ பசியோடு கிடக்கும்.

"யாரு வெச்சாங்கன்னு எனக்கென்னக்கா தெரியும்?" என்றாய். நம்பத்தான் பார்க்கிறேன்.

அதே இறைச்சியில் வாய் வைத்த தெருநாய்களும் செத்துவிட்டன. பிறந்ததிலிருந்து சங்கிலியே அறியாத உன் நாய் மட்டும் சிறுத்தை சாகும் முன்பே, அன்று காலையிலிருந்தே கொட்டகையில் கட்டிக் கிடந்தது. நேற்றும் நீ அவிழ்க்கவில்லை.

நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நாயை எப்போது அவிழ்ப்பாய் என்று மட்டும் எழுது. அதுவரை என் பிள்ளைகள் மாமா வீட்டுக்கு வரமாட்டார்கள்.

உன் அக்கா