தேசிக்காய் ஓட்டத்துக்குப் பிரதம விருந்தினர்

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
ஜூன் 2006

அன்பு மகள் அனுசியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கு பேர்மிங்காமில் நீயும் உன் இடது காலும் சுகமாயிருக்க முருகன் துணை நிற்கவேண்டும். சுகம் விசாரித்தாயிற்று, இனி என் கோபத்தைக் கேள். நீ ஓட்டத்தை அடியோடு விட்டுவிட்டாய் என்று எனக்கு யார் சொன்னது தெரியுமா, எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் தர்மலிங்கம். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்து சுண்டல் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், மனிசன் பல்லெல்லாம் தெரிய வந்து, "அக்கா, பிள்ளை ஓட்டத்தை விட்டிட்டாவாம், நான் போனிலை கதைச்சனான், எங்கடை விளையாட்டு விழாவுக்குப் பிரதம விருந்தினரா வாறன் எண்டு சொல்லிப்போட்டா" என்கிறார். பெற்றவளிடம் கால் நோகிறது என்று மட்டும் சொன்ன நீ ஊராருக்கு முழுக்கதையும் சொல்லியிருக்கிறாய். சுண்டலை அப்பாவின் கையில் திணித்துவிட்டு வெளியே வந்தேன். ரயிலில் அப்பா ஒரு இருக்கை தள்ளியே இருந்து வந்தார், பக்கத்தில் இருந்தால் அவர்மேல் எரிந்து விழுவேன் என்று அவருக்குத் தெரியும். அடுத்த நாள் உன்னிடம் கேட்டால், "சொன்னா அழுவியள் எண்டுதான் சொல்லேல்லை" என்றாய். அழுதால் என்ன, உன் ஓட்டத்துக்கு அழ எனக்கு உரிமை இல்லையா. போனில் நான் எதைச் சொன்னாலும் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில், குறொய்டனில் நாங்கள் இருந்த காலத்தில், சின்னப் பிள்ளையாகப் பள்ளிக்கூட மைதானத்தில் வகுப்புப் பெடியன்களை எல்லாம் பின்னால் விட்டுவிட்டு வந்து, ஏனம்மா அவங்கள் மெதுவா ஓடுறாங்கள் என்று கேட்டவள் நீ. அப்பாவின் வேலைக்காக நாங்கள் நோர்வேக்கு வந்தபோது, ஓட்டக் கழகத்தை விட்டு வரமாட்டேன் என்று சித்தி வீட்டிலேயே நின்றுவிட்டாய். நான் எப்படி விட்டுவிட்டு விமானம் ஏறினேன் என்பது எனக்குத்தான் தெரியும். மழையென்றும் குளிரென்றும் பாராமல் பயிற்சிக்குப் போனாய், இளையோர் போட்டியில் வென்றாய், பிறகு பிரித்தானியச் சட்டை போட்டு அஞ்சலோட்டம் ஓடினாய். அரையிறுதியில் உன்னை ஓடவைத்துவிட்டு இறுதிப் போட்டிக்கு வேறொருத்தியை இறக்கினார்களே, அந்த ஆட்களை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. நீ வெளியே இருந்து கைதட்டியதைத் தொலைக்காட்சியில் கண்டதும் அப்பா எழும்பிக் குளியலறைக்குள் போய்விட்டார், கண் சிவந்துதான் வெளியே வந்தார். அதற்குப் பிறகு குதிகால் நரம்பு அறுந்தது, தைத்தார்கள், திரும்ப ஓடினாய், திரும்பவும் அறுந்தது. இவ்வளவும் பட்டவள் ஓட்டத்தை விட்டதற்கு நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். என் கோபம் அதற்கில்லை.

உனக்குப் பதினாறு வயதில் விடுமுறைக்கு இங்கு வந்து இதே விளையாட்டு விழாவில் நூறு மீற்றருக்குப் பெயர் கொடுக்கப் போனாயே, மறந்துவிட்டாயா. "பெரிய பிள்ளையளுக்கு ஓட்டம் இல்லைத் தங்கச்சி, தேசிக்காய் ஓட்டமும் சங்கீதக் கதிரையும்தான்" என்று உன் கையில் கரண்டியைத் தந்தது இதே தர்மலிங்கம்தான். உன் கட்டைக் காற்சட்டையைப் பார்த்துவிட்டு அவருடைய மனைவி வசந்தமலர் தன் சால்வையை அவிழ்த்து உன் இடுப்பில் சுற்றினாள். இங்கிலாந்தில் உன் வயதில் உன்னை முந்த ஆளில்லை, இங்கே நீ கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு, அதன் நுனியில் இருந்த எலுமிச்சங்காய் விழாமல் அடிமேல் அடி வைத்துக் கடைசியாக வந்தாய். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நீயும் சிரித்தாய், வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய். இன்றைக்கும் அதே சட்டம்தான். பள்ளிக்கூடத்தில் நோர்வேப் பெடியன்களையே முந்துகிற எங்கள் பெண்பிள்ளைகள், பெரியபிள்ளையானதும் இங்கே கரண்டியைக் கவ்வவேண்டும். அந்தத் தேசிக்காய் ஓட்டத்துக்குத்தான் உன் கையால் கோப்பை கொடுப்பித்து, உனக்குப் பொன்னாடையும் போர்த்தப் போகிறார்கள். பிள்ளையைச் சேலையில் வரச்சொல்லுங்கள் என்று எனக்குக் கட்டளை வேறு.

சும்மா விடவில்லை, நிர்வாகக் கூட்டத்துக்கே போனேன். பிரதம விருந்தினரைக் கூப்பிடுகிற நீங்கள் பெரிய பெண்பிள்ளைகளுக்கு ஒரு நூறு மீற்றர் வையுங்கள் என்றேன். "அடுத்த முறை பாப்பம் அக்கா, சனம் என்ன சொல்லும்" என்றார் தர்மலிங்கம். நானும் சனம்தானே, நான் சொல்லுகிறேன் என்றேன், அவர் சிற்றுண்டிக் கணக்கை வாசிக்கத் தொடங்கிவிட்டார். நீயோ, "விடுங்கோ அம்மா, சின்ன விசயம், மரியாதைக்குத்தானே கூப்பிடினம்" என்கிறாய். உன் பெயரை வைத்து அவர்கள் தங்களுக்கு மரியாதை தேடுகிறார்கள், அது உனக்கு விளங்கவில்லை.

மேல்வீட்டு அபிஷா உன்னைப்போலவே கால் நிலத்தில் படாமல் ஓடுகிறவள். அவளும் கூட்டாளிகளும் தேசிக்காய் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். விசில் ஊதியதும் கரண்டியை நிலத்தில் வைத்துவிட்டு ஓடப்போகிறார்கள். தாய்மாருக்குத் தெரியும், தர்மலிங்கத்துக்குத் தெரியாது. பொன்னாடைக்காக வருவதென்றால் தயவுசெய்து வராதே, நான் அந்தப் பக்கமே தலைகாட்டமாட்டேன். இவர்களுக்காக வருவதென்றால் நாளைக்கே விமானச் சீட்டுப் போடு. தர்மலிங்கம் ஓட்டத்தை நிற்பாட்டப் பார்த்தால் நீ மைதானத்திலேயே நின்றுகொள், பிரதம விருந்தினரை மைதானத்தை விட்டுப் போகச்சொல்ல அவருக்கு வாய் வராது.

காலைக் கவனமாகப் பார், படிகளில் ஓடி இறங்காதே, வேளைக்குச் சாப்பிடு. அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். எந்தக் கோபத்திலும் உனக்கு என் ஆசீர்வாதம் குறையாது, நீ நல்லாயிருக்கவேண்டும்.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா
ம. உதயகுமாரி

பி.கு: சேலை கட்டுவதும் விடுவதும் உன் விருப்பம். முடிவுக்கோட்டுக்குக் கட்ட சிவப்பு நாடா வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு நுனியை நான் பிடிப்பேன், மற்ற நுனிக்கு வேறு ஒருவரையும் நான் கேட்கவில்லை.