தாழ் போடாமல் எழுதிய பரீட்சை

இன்னமும் கதவுக்கு வெளியே காவல் இருக்கும் என் மாமாவுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை மாமா என்றுதான் கூப்பிட்டேன். பெயரைச் சொல்லி எழுத இப்போதும் கை வரவில்லை. இந்தக் கடிதத்தை நம் கிணத்துக்கடவுக்காரர்களும் என்னோடு படிக்கிறவர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். உங்களைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது, நாலு பேர் முன்னால் திட்டினால்தான் எனக்கு ஆறும்.

முதலில் செய்தி. நேற்று பரீட்சை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போன பிறகு இதுதான் முதல் தடவை. போன செமஸ்டரை அப்படியே விட்டுவிட்டேன். லேப்டாப்பைத் திறப்பேன், உடனே மூடி வைத்துவிடுவேன். "அப்பா ஆசைப்பட்டதும்மா, பாதியில உட்றாத" என்று யாழினி விடுதியிலிருந்து தினமும் போன் போட்டு நச்சரித்தாள். உங்கள் மகள்தானே, பிடித்தால் விடமாட்டாள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் அப்பாவிடம் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "புள்ளைய மேல படிக்க வெச்சுப்போடறனுங்க மாமா. கவலையே படாதீங்க." பிறகு யாழினி பிறந்தாள், தேங்காய் லோடு அடிக்க டெம்போ வாங்கினீர்கள், நான் மலுமிச்சம்பட்டிப் பக்கம் பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கே அந்த ஆசை மறந்துபோனது. அவள் நர்சிங் படிக்கப் போய் வீடு வெறிச்சென்று ஆன பிறகு ஒரு நாள், "ஏம்மிணி, ஊட்ல இருந்தே பி.பி.ஏ. படிக்கலாமாமா. சேர்ந்துக்கறயா?" என்று கேட்டீர்கள். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வகுப்பு தொடங்கியதும் நீங்களும் பக்கத்தில் வந்து உட்காருவீர்கள். முதல் ஸ்லைடு மாறுவதற்குள் குறட்டை வந்துவிடும். ஆனால் தேங்காய் மண்டியில் போய், "ஊட்ல மேனேஜரம்மா படிச்சுட்டு இருக்குதுங்க, நான் நேரத்துல போகோணும்" என்று பெருமை அடித்ததை எல்லோரும் வந்து என்னிடம் சொன்னார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது.

வாசிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பரீட்சையை வீட்டிலேயே எழுதலாம். எங்கோ உட்கார்ந்து ஒருவர் கேமரா வழியாக நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, நாம் எழுந்து போகக் கூடாது, கதவு மூடியிருக்க வேண்டும். இன்னொரு முகம் தெரிந்தால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துச் சிவப்பு எழுத்தில் மிரட்டும்.

முதல் பரீட்சைக்கே அது நடந்தது. களைத்திருப்பேன் என்று நீங்கள் காபி டம்ளரோடு உள்ளே வந்தீர்கள். திரையில் சிவப்பு எழுத்து. "சார், வெளிய போங்க, இல்லன்னா எக்ஸாம் கேன்சல் ஆயிடும்" என்று ஒரு குரல். டம்ளரோடு நீங்கள் பின்னங்கால் பிடரியில் பட ஓடியதை நினைத்து அன்று சாயங்காலம் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "என்னால உன்ற படிப்பு போயிருக்கும் பாரு" என்று முகம் சுருங்கிப் போனீர்கள்.

அன்றிலிருந்துதான் இந்தக் காவல். பரீட்சை நாளில் லோடு எடுக்க மாட்டீர்கள். நீலப் பிளாஸ்டிக் சேரைக் கதவுக்கு வெளியே வாசலில் போட்டு உட்கார்ந்துகொள்வீர்கள். காலிங் பெல் ஒயரைப் பிடுங்கி வைப்பீர்கள். காய்கறி வண்டிக்காரர் நம் வீட்டைத் தாண்டும் வரை வாயைத் திறக்கக் கூடாது. நம் ஊர்க் காற்றுதான் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. ஆனி ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து அது அடிக்கிற அடியில் கதவு தானாகத் திறந்துகொள்ளும். "தாப்பா போட்டுக்க அம்மிணி" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நானும் உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன்.

அந்த நாளைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

நிதி மேலாண்மைத் தாள். எனக்குக் கொஞ்சமும் வராத பாடம். உங்களை மறந்து, உலகத்தை மறந்து எழுதினேன். நன்றாக எழுதிவிட்ட சந்தோஷத்தில் கதவைத் திறந்தால் நீங்கள் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இங்கேயும் தூங்கிவிட்டாரே என்றுதான் நினைத்தேன். தோளைத் தொட்டேன், சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது.

"முடிஞ்சுதா அம்மிணி? நல்லா எழுதுனயா?"

"என்னுங்க மாமா, ஏன் இப்பிடி வேர்த்திருக்குது?"

"நெஞ்சுல பாரம் வெச்சாப்ல இருக்குது."

"எப்பத்திலிருந்துங்க?"

"நீ உள்ள போன கொஞ்ச நேரத்துல."

"ஒரு தட்டு தட்டியிருக்கக் கூடாதுங்களா?"

"தட்டுனா கேன்சல் ஆயிருமில்ல கண்ணு."

அதுதான் நீங்கள் என்னிடம் முழுதாகச் சொன்ன கடைசி வார்த்தை. பக்கத்து வீட்டுச் சண்முகண்ணன் காரை எடுத்தார். ஈச்சனாரி தாண்டும்போது என் கையைப் பிடித்திருந்த உங்கள் பிடி தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்மா" என்றார். நான்கு அடி தூரத்தில்தான் இருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் மாமா. உயிர் போகிற வலியை வைத்துக்கொண்டு யாராவது வாயை மூடி உட்கார்ந்திருப்பார்களா? மண்டியில் ஒரு தேங்காய் குறைந்தால் ஊரையே கூட்டுகிற ஆள்தானே நீங்கள்?

இன்னொன்று என்னைத் தூங்க விடுவதில்லை. அன்றைக்கும் காற்று. கதவு லொட லொடவென்று ஆடிக்கொண்டேதான் இருந்தது. நான் தலையைத் தூக்கவில்லை. தட்டவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள், நம்புகிறேன். ஆனாலும் அத்தனை சத்தத்தில் ஏதோ ஒன்று உங்கள் கையாக இருந்திருக்குமோ? என் மனசு நோகக் கூடாது என்று மறைத்துவிட்டீர்களோ?

அந்தத் தாளில் பாஸ். யாழினிதான் பார்த்துச் சொன்னாள். நான் மார்க் எவ்வளவு என்று இன்றுவரை கேட்கவில்லை.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். லீவுக்கு வந்தபோது உங்கள் படத்தை என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டியது யாழினி. "அப்பா உன்னயப் பார்த்துட்டே இருக்கட்டும்மா" என்றாள். கேமராவை மறந்துவிட்டோம் இரண்டு பேரும். உட்கார்ந்து முதல் கேள்வியைத் திறந்தேன், அதே சிவப்பு எழுத்து வந்து நின்றது. கண்காணிக்கிற பெண் பேசினாள், குரலில் யாழினி வயதுதான் இருக்கும்.

"மேம், உங்க பின்னாடி ஒருத்தர் இருக்கார். அவரை வெளிய போகச் சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தேன். சந்தன மாலைக்குள் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"அது எங்க ஊட்டுக்காரருங்க. போட்டோவுங்க கண்ணு."

"சாரி மேம்" என்றாள். "எனக்குப் புரியுது. ஆனா சிஸ்டம் நிறுத்திடும். திருப்பி வைக்கிறீங்களா, இல்ல வெளிய வச்சிட்டு வர்றீங்களா? நான் வெயிட் பண்றேன்."

உங்களைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்க எனக்கு மனசு வரவில்லை. கழற்றி எடுத்துப்போய் அந்த நீலச் சேரிலேயே வைத்தேன். பழைய இடம்தானே. "எதுனாலும் தட்டிப்போடுங்க மாமா" என்று உங்களிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. அதைப் போடவில்லை. கதவைச் சாத்தி, தண்ணீர்க் கேனை முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பாதித் தாளில் காற்று எழும்பியது. கேனோடு சேர்ந்து கதவு ஆடியது. டொக் டொக். காற்றுதான் என்று எனக்குத் தெரியும், பைத்தியம் ஒன்றும் இல்லையே நான். ஆனால் மறுபடியும் டொக் டொக் என்றதும் எழுந்துவிட்டேன்.

"மேம், எழுந்திரிக்காதீங்க! கேன்சல் ஆயிடும்!"

"ஆகட்டும் கண்ணு" என்றேன்.

கேனை நகர்த்திக் கதவைத் திறந்தேன். வாசலில் யாரும் இல்லை. சேரில் நீங்கள். பொள்ளாச்சி ரோட்டுப் புழுதி உங்கள் கண்ணாடி மேல் படிந்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, அன்றைக்கு ஆஸ்பத்திரியில்கூட அழாத அழுகையெல்லாம் அழுதேன். உள்ளே அந்தப் பெண் "மேம்... மேம்..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பாவம், அவளையும் பயமுறுத்திவிட்டேன்.

இன்று காலையில் மெயில் வந்தது. விதிமீறல் காரணமாக இந்தத் தாள் ரத்து செய்யப்படுகிறது. அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதலாம்.

திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன் மாமா. வேறு ஒன்றுமே இல்லை. யாரும் என் படிப்பைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. யாரும் திட்டக்கூட இல்லை. ஒரு தாள் போனால் அந்த ஒரு தாளைத் திரும்ப எழுதலாம், அவ்வளவுதான். படிப்பில் சேர்ந்த நாளிலிருந்தே எனக்கு இது தெரியும். உங்களுக்குத் தெரியாது. கேன்சல் என்றால் எல்லாமே போச்சு என்று நினைத்துக்கொண்டு நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். காபி டம்ளரோடு நீங்கள் முகம் சுருங்கி நின்ற அன்றே, "போனாப் போகுதுங்க, மறுக்காவும் எழுதிக்கலாம்" என்று ஒரு வார்த்தை பேச்சுவாக்கில் என் வாயில் வந்திருந்தால்? நான் சிரித்துக்கொண்டிருந்தேன் மாமா. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

இந்தத் தாளை மறுபடியும் எழுதுவேன். மிச்சம் இருப்பதையும் எழுதுவேன். என் அப்பாவிடம் நீங்கள் கொடுத்த வாக்கை நான் பொய்யாக்க மாட்டேன். பட்டம் வாங்குகிற அன்று, நீங்கள் சொல்லித் திரிந்த மேனேஜரம்மா மண்டிக்கே வந்து எல்லோருக்கும் மிட்டாய் கொடுப்பாள். அதுவரைக்கும் பரீட்சைதோறும் உங்களை அந்தச் சேரில்தான் வைப்பேன், உள்ளே தாழ் போட மாட்டேன்.

நீங்கள் தட்டுங்கள் மாமா. எத்தனை தாள் போனாலும் எழுந்து வாரேன்.

இப்படிக்கு,
யாழினியின் அம்மா,
உங்கள் அம்மிணி.