பாவுக்கு அந்தாண்ட நின்ன அக்காவுக்கு

அக்கா,

காலையிலேர்ந்து செல்வி கடையில மோட்டாரு காயிலுக்கு வார்னிஷ் ஊத்திக்கினு இருந்தா. அந்த வாசனை மூக்குல ஏறி உச்சந்தலையில போயி உக்காந்துக்கும். வர்றவங்க எல்லாம் மூக்கப் பொத்திக்கினு நிப்பாங்க. நான் மட்டும் நாற்காலிய உள்ள இழுத்துப் போட்டு, கிட்டவே உக்காருவேன். இன்னிக்கு நாற்காலி வெளிய, ரோட்டோரத்துல கெடக்குது. ஏன்னு அப்புறம் சொல்றேன். ரோடு வரைக்கும் வாசனை வருது. வந்ததும் உன் ஞாபகம். உன் கையில எந்நாளும் பாவுக்குப் போடற கஞ்சி வாசனைதான் இருந்துது. ஆனா இந்த வாசனை எங்க வீட்டுக்கு வந்ததே அந்தக் கஞ்சியாலதான்.

எனக்கு எழுதத் தெரியாது, அது உனக்கே தெரியும். கைய தொடச்சுக்கினு வந்து, நான் சொல்லச் சொல்ல செல்வி எழுதறா. "சுருக்கமா சொல்லும்மா, வேல கெடக்குது"ன்றா. கெடக்கட்டும்.

செவிலிமேட்டாண்டேர்ந்து கீரைக்கூடைய தலையில வெச்சுக்கினு உங்க நெசவுத் தெருவுக்கு வருவேனே, அப்பல்லாம் பஸ்ஸு ஏது, பாலாத்து மணலு கால்ல ஒட்டிக்கினே வரும். மொத நாளு விடிகாலையில தெரு நீளத்துக்குத் தறி நூல பாவா இழுத்துக் கட்டியிருந்தீங்க. எனக்கு என்ன தெரியும்? குனிஞ்சு அடியில பூந்துடலாம்னு பாத்தேன். "ஏ கீரக்காரி! மாடே சுத்திக்கினு போவுது, உனக்கு என்ன?"ன்னு கத்துன. நெசமாவே ஒரு காள மாடு செவுத்த ஒரசிக்கினு, நூலு மேல வாலு படாம போச்சு. அந்த மாட்டுக்கு இருந்த புத்தி அப்புறம் ஒரு எட்மாஸ்டருக்கு இல்லாமப் போச்சு. அதத்தான் சொல்ல வரேன்.

எழுபத்தொண்ணோ, எழுபத்திரெண்டோ. எங்க பக்கம் கரண்டு வந்து, கெணத்துக்குக் கெணறு பம்புசெட்டு போட்டுக்கினு இருந்த நேரம். என் செல்வியும் உன் ஏகாம்பரமும் ஒம்பதாவதுல பெயிலு. அந்த வருசந்தான் பள்ளிக்கூடத்துல புதுசா ஒரு ஏற்பாடு பண்ணாங்க. பெயிலாயி நின்னுடற புள்ளைங்களுக்குப் பாடத்தோட ஒரு தொழிலும் கத்துக் குடுக்கறது. நெசவு, விவசாயம், மோட்டாரு, மூணுல ஒண்ணு. நல்ல ஏற்பாடுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எந்தப் புள்ள எதுலன்னு புள்ளையக் கேக்கல. அப்பன் என்ன வேலன்னு ஒரு காயிதத்துல எழுதி வாங்கி, அதப் பாத்தே பிரிச்சுட்டாங்க. தறிக்காரன் புள்ளைக்குத் தறி. ஏர்க்காரன் பொண்ணுக்கு ஏரு.

என் வீட்டுக்காரரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "களை எடுக்கவா பள்ளிக்கூடம்? எங்கிட்ட அனுப்பு, பீசே இல்லாம கத்துத் தரேன்"னாரு. அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டு, "மோட்டாருன்னா போவட்டும். இல்லன்னா திங்கக்கெழமை செல்வி வயலுக்கு வரணும்"னு சொல்லிட்டாரு. அந்தக் கோடையில எங்க மோட்டாரு காயில் எரிஞ்சு, மெக்கானிக்கு வர்றதுக்குள்ள பயிரு பாதி காஞ்சுபோச்சு. அந்த எரிச்சலு அவருக்கு.

ரெண்டு புள்ளைங்களுக்கும் மோட்டாரு கேக்க நாம ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வாசல்ல இருந்த ஆளு "லிஸ்ட்டு மேல போயிடுச்சு, போங்கம்மா"ன்னான். நான் அழுதுட்டேன். நீ அழல. "எட்மாஸ்டரு நம்ம தெரு வழியாதான் சைக்கிள்ல போறாரு. சனிக்கெழமை எங்க பாவு. நீ கூடையோட வந்து உக்காரு"ன்ன.

சனிக்கெழமை வந்தேன். பாவு ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் விறைச்சு நின்னுது. நீ கஞ்சிய நூலுல தடவி, நாருக் குச்சத்தால தல சீவுற மாதிரி வாரிக்கினே நடக்கற. கஞ்சி காயறதுக்குள்ள வாரணும், நடுவுல நிக்கக்கூடாது. எட்மாஸ்டரு வந்தாரு. பாவு இருந்தா யாரும் சைக்கிள்ல போகக்கூடாதே, எறங்கி உருட்டிக்கினு வந்தாரு. அவரு அந்தாண்ட, நீ இந்தாண்ட, நடுவுல பட்டு. ஒரே நடையா நடந்தீங்க.

"சார், என் பையன எதுக்கு நெசவுல போட்டீங்க?"

"கைவசம் இருக்கற தொழிலும்மா. சுலபமா பாஸ் பண்ணிடுவான்."

"தெரிஞ்சதுக்கு எதுக்கு சார் பள்ளிக்கூடம்? உங்க நெசவு வாத்தியாருக்கு வேணா அவன் கத்துக் குடுப்பான்."

தெருவே சிரிச்சுது. அவரு மொகம் செவந்துபோச்சு.

"அந்தக் கீரக்காரம்மா பொண்ணு?"

"அவங்க விவசாயக் குடும்பம். அதான்."

"வயலும் இருக்குது, அப்பனும் இருக்கறான். அவன் கத்துத் தர மாட்டானா? அதுக்கு மோட்டாரு குடுங்க."

"பொம்பளப் புள்ளைக்கா? மோட்டாரா?"ன்னு சட்டுனு உன் பக்கம் திரும்புனாரு பாரு, சைக்கிளும் கூடவே திரும்பிச்சு. பிரேக்கு புடி பாவுல மாட்டி, நாலஞ்சு இழை படக் படக்குன்னு அறுந்துச்சு.

உங்க தெரு வழக்கம் எனக்கும் தெரியும். இழைய அறுத்தவன் அந்த எடத்த வுட்டு நகரக்கூடாது. அறுந்த தலைப்பப் புடிச்சுக்கினு, சேத்து முடியற வரைக்கும் நிக்கணும். எட்மாஸ்டருன்னா மட்டும் வேற வழக்கமா? சைக்கிள ஒருத்தரு வாங்கிச் செவுத்துல சாத்துனாரு. அவரு ரெண்டு கையிலயும் நூல புடிச்சுக்கினு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்னாரு. வார்ற குச்சத்த நீ உன் வீட்டுக்காரரு கையில குடுத்துட்டு, ஒரு இழைய எடுத்து மெதுவா முடிய ஆரம்பிச்ச.

"மோட்டாரு கிளாசுல என்ன சார் செய்வாங்க?"

"செம்புக் கம்பிய எண்ணி எண்ணிச் சுத்தணும்மா. எண்ணிக்க தப்புனா எரிஞ்சிடும். லேசுப்பட்ட வேல இல்ல."

"சுத்தற வேலையா? அப்பிடியே வாசலு வாசலா பாருங்க சார். இந்தத் தெருவுல ராட்டையில சுத்தறது யாரு, ஆம்பளைங்களா?"

அவரு பாத்தாரு. வாசலுக்கு வாசல் ராட்டையோட பொம்பளைங்க. ஒருத்தி வேணும்னே கடகடன்னு சுத்திக் காட்டுனா.

அப்புறம், "மோட்டாருல ஒரு எடம் இருக்குது. ஒண்ணே ஒண்ணுதான். யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க"ன்னாரு.

நீ கடைசி இழைய முடிஞ்சுக்கினு இருந்த. தல நிமிரல.

"செல்விக்கு."

"அக்கா, ஏகாம்பரம்?"ன்னேன்.

"சும்மா இருடி. கஞ்சி காயுது"ன்ன.

மறுநாளு கேட்டதுக்கு, "அவன் ஆம்பள. லாரியில ஏறி எங்கனா போயி கத்துக்குவான். உன் பொண்ணு எதுல ஏறிப் போவா?"ன்னு என் வாய அடச்சுட்ட. அஞ்சு இழைய முடிய உனக்கு வெத்தல போடற நேரம் போதுமாம். அன்னிக்கு வேணும்னே நேரத்த இழுத்தியாம். அதையும் சொல்லிட்டுச் சிரிச்ச.

செல்வி மொதல்ல சுத்துன மோட்டாரு எரிஞ்சுது. பசங்க "கீரக்கட்டு"ன்னு கேலி பண்ணாங்க. உன் வீட்டுக்கு வந்துதான் அழுதா. "எரிஞ்சா எரியட்டும். பிரிச்சுச் சுத்து"ன்னு சொல்லி அனுப்புன. அடுத்த கோடையில எங்க கெணத்து மோட்டார அவதான் சுத்துனா. அவங்கப்பன் தண்ணி கொட்டறத பாத்துக்கினே நின்னாரு, ஒரு வார்த்த பேசல. அவரு பேசலன்னா சந்தோசம்னு அர்த்தம்.

ஏகாம்பரம் ஒரு மாசம் நெசவு வகுப்புல உக்காந்தான். அப்புறம் நீ சொன்ன மாதிரியே லாரியில ஏறிட்டான். மெட்ராசுல ஒரு ஷெட்டுல மோட்டாரு வேல கத்துக்கினான். கெட்டிக்காரந்தான். ஆனா எஸ்.எஸ்.எல்.சி. இல்லன்னு எந்தக் கம்பெனியும் அவன உள்ள சேக்கல. வெளியவே நின்னு வேல செஞ்சான்.

உன் காரியத்தன்னிக்கு ஆளாளுக்கு, "சொந்தப் புள்ளைய வுட்டுட்டு அடுத்தவ பொண்ணுக்குக் குடுத்தாளே, இது என்ன மனசு"ன்னு பேசுனாங்க. எனக்கு எரிஞ்சுது. உன் மனசு எனக்குத் தெரியாதா? ஆனா ரெண்டு புள்ளைங்க நிக்கும்போது ஒரு எடத்த நீட்டுனது யாரு? அத ஏன் ஒருத்தரும் பேசல? என் மேலயும் கோவந்தான். ரெண்டு கையிலயும் நூலோட, நகர முடியாம நின்ன மனுசன்கிட்ட, "இன்னொண்ணும் குடுங்க சார்"னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. கெடச்சுதேன்னு கூடைய தூக்கிக்கினு போயிட்டேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு வாத்தியாரு கடைக்கு வந்தாரு. படிப்ப பாதியில வுட்டுடற மாதிரி சில புள்ளைங்க இருக்காங்களாம். சனிக்கெழமையில ஒருத்தருக்கு வேல கத்துக் குடுக்க முடியுமான்னு செல்வியக் கேட்டாரு. அவ சரின்னு தலையாட்டறதுக்குள்ள நான் எழுந்து நின்னுட்டேன்.

"ஒண்ணுன்னா வேணாம். ரெண்டா அனுப்புங்க."

"எடம் சின்னதா இருக்குதேம்மா."

"என் நாற்காலிய தூக்கி வெளிய போட்டுக்கறேன்."

இன்னிக்கு ரெண்டு பொண்ணுங்க வந்திருக்குதுங்க அக்கா. உள்ள கம்பி சுத்திக்கினு இருக்குதுங்க. எண்ணற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. வாத்தியாரு ஒரு காயிதத்த நீட்டி, அப்பா என்ன வேலன்னு எழுத வந்தாரு. "அத மட்டும் வெறுமையா வுடுங்க"ன்னேன்.

வுட்டுட்டாரு.