மூன்று புடவை நீளம்

வெள்ளி

காலையிலேயே புழுக்கம். திங்கள் பத்து மணிக்கு நேர்காணல். இரண்டாம் முறை. போன தடவை வைஃபை நின்று, வாயைப் பிளந்தபடி என் முகம் திரையில் உறைந்துவிட்டது. ஒயர் போட்டுக்கொண்டு வரச் சொல்லி இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறார்கள். மூன்று வருடமாக வேலை இல்லை. இதை விட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

மோடம் ஹாலில். என் அறை கடைசி. அளக்கும் டேப் எங்கேயோ. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். கொடியில் காய்ந்த மாம்பழ நிறப் புடவையை உருவி அளந்தேன். மூன்று புடவை நீளம். ஒன்று ஐந்தரை மீட்டர், ஆகப் பதினாறரை. என்ன மூளை எனக்கு.

சனி

ரிச்சி தெரு. வெயில். கேட் எய்ட் ஒயர் கேட்டேன், பெரிய நம்பர் என்பதால். கடைக்காரர்: "வூட்டுக்கு இன்னாத்துக்கு மேடம் அது? கேட் சிக்ஸ் போதும். சுத்த செம்பா பாத்து வாங்கு." இருபது மீட்டர், இரண்டு முனையிலும் பிளக் மாட்டியது. தாராளமாக இருக்கட்டும் என்று.

மறக்காமல்: தயிர், ஒயர் கிளிப், மாமியாருக்கு வெற்றிலை.

ஞாயிறு

ஒயர் பூஜை அறை வாசலோடு முடிந்துவிட்டது. இழுத்துப் பார்த்தேன். திட்டியும் பார்த்தேன்.

மாமியார்: "எதால அளந்தே?"

சொன்னேன்.

"அது ஒன்பது கஜம்டி. பூஜைக்கு மடியா ஒணத்தியிருந்தேன். தொட்டுட்டியா?"

அப்படியென்றால் ஒன்றே எட்டு மீட்டருக்கு மேல். புடவையை மறுபடி நனைக்கப் போய்விட்டார். ரிச்சி தெரு இன்று லீவு. ஆன்லைனில் நாளை மாலைதான் தருவானாம். அழுகை வந்தது. பூஜை அறை வாசலில் உட்கார்ந்து பேசுவதா? பத்து மணிக்குத்தான் அவர் பூஜையும்.

சாப்பிடும்போது அவரே: "நீ பாட்டுக்குப் பேசு. நான் மனசுக்குள்ள சொல்லிக்கறேன். நீ முடிக்கறவரைக்கும் மணி அடிக்கல."

திங்கள்

மேகமூட்டம். பூஜை அறை வாசலில் ஸ்டூல், ஸ்டூல் மேல் லேப்டாப். உள்ளே மடிசாரில் மாமியார், மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டு. ஒயர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. என் நாக்குதான் இரண்டு தடவை நின்றது.

கடைசியில் அந்த மேனேஜர் அம்மாள், இங்கிலீஷில், நாளைக்கே சேர முடியுமா என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து: "செவ்வாக்கிழமை வேண்டாம்னு சொல்லு."

செத்தேன் என்று நினைத்தேன். மேனேஜர் அம்மாள் சிரித்துக்கொண்டே தமிழில், "எங்க அம்மாவும் இதேதான் சொல்லுவாங்க. புதன்கிழமை சரியான்னு கேளுங்க" என்றார்.

உள்ளே மணி அடித்தது.