குங்ஃபூ வகுப்பில் கத்தியது

ஓல்டன், ஞாயிறு

அன்புள்ள சிவகலாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் இருமல் குறைந்ததா?

நேற்று குங்ஃபூ வகுப்பில் ஒன்று நடந்தது. பயப்படாதேயும், எனக்கு அடிபடவில்லை. பயிற்சி தரும் சீனப் பெண் லின் என் முகத்துக்கு நேரே கையை ஓங்கினார். அதைத் தடுக்கத்தான் மூன்று மாதமாகப் பழகினேன். ஆனால் தரையில் சுருண்டு, "அடிக்காதேங்கோ ஐயா, எனக்கு ஒண்டும் தெரியாது" என்று தமிழில் கத்திவிட்டேன். பதினைந்து வருடத்துக்கு முன் தடுப்பு முகாமில் கத்திய அதே சொற்கள். எனக்கே நம்ப முடியவில்லை. நான் எழும்பும் வரை லின் பக்கத்திலேயே இருந்தார்.

மிளகாய்த்தூள் அனுப்பும். பொதியில் உமது கையாலேயே என் பெயரை எழுதும்.

இதை ரயில் நிலையத்தில் இருந்து எழுதுகிறேன், வேலைக்குப் போகும் ரயில் வந்துவிட்டது. அந்த முகாமைப் பற்றி உமக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்தமுறை கதைக்கும்போது கேளும், சொல்கிறேன்.

உமது தவச்செல்வன்